லாகின் திரை வரவில்லை, வந்தால் போகவில்லை: பிரசென்ட், புஷ் இரண்டிலும் சிக்கல்

கேள்வி

வணக்கம். ஐஃபோன் ஆப் ஒண்ணு எழுதறேன். யூஐகிட் (திரைகளை அமைக்கற ஆப்பிளோட கருவித் தொகுப்பு), ஸ்விஃப்ட் மொழி, குறைந்தபட்சம் ஐஓஎஸ் 15. ஸ்டோரிபோர்டு இல்லை, எல்லாமே கோடில்தான். ரூட்டில் (எல்லாத்துக்கும் அடியில்) டேப் பார் கன்ட்ரோலர், அதுக்குள்ள ஒவ்வொரு டேபுக்கும் திரைகளை அடுக்கா (ஸ்டாக்) வெச்சுக்கற ஒரு நேவிகேஷன் கன்ட்ரோலர். முதல் டேபில் ஹோம். டோக்கன் (லாகின் ஆனதுக்கான அடையாளச் சாவி) இல்லைன்னா ஹோம்தான் லாகின் திரையைக் காட்டணும். லாகின் ஆனதும் புரொஃபைல் திரைக்குப் போகணும். இதுல நாலு இடத்தில் மாட்டுது.

1. ஹோமோட வியூ டிட் லோடில் (திரையோட வியூ உருவானதும் ஓடற ஃபங்ஷன்) லாகினை பிரசென்ட் பண்ணினா (மேல ஏத்திக் காட்டினா) எதுவுமே வரல. கன்சோலில் ‘ஹூஸ் வியூ இஸ் நாட் இன் த விண்டோ ஹையரார்க்கி’ன்னு முடியற ஒரு வரி மட்டும் வருது.

2. வியூ டிட் அப்பியருக்கு (திரை தெரிஞ்ச பிறகு ஓடறது) மாத்தினேன், லாகின் வருது. ஆனா ஸ்டைலை ஃபுல் ஸ்கிரீன்னு வெச்சா, சரியா லாகின் ஆகி மூடின பிறகும் மறுபடி லாகினே வந்து நிக்குது.

3. ஸ்டைலைத் தொடாம விட்டா அப்படி திரும்ப வர்றதில்ல. ஆனா லாகின் மூடினதும் ஹோம் லிஸ்ட் பழைய டேட்டாவோடவே இருக்கு. ரீலோடை வியூ வில் அப்பியரில் (திரை தெரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓடறது) எழுதியிருக்கேன். அது கூப்பிடப்படவே இல்ல.

4. லாகின் கன்ட்ரோலருக்குள்ள ‘நேவிகேஷன் கன்ட்ரோலர்?’ மேல புரொஃபைலை புஷ் (அடுக்கில் சேர்க்கறது), அடுத்த வரியில் டிஸ்மிஸ் (மூடறது). லாகின் மூடுது, புரொஃபைல் வரல. எரரும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல.

டோக்கனை டிஸ்மிஸோட கம்ப்ளீஷன் பிளாக்கில்தான் (மூடி முடிச்சதும் ஓடற கோடு) சேமிக்கறேன். ஹோமைப் பிடிக்க ‘பிரசென்டிங் வியூ கன்ட்ரோலரை’ (லாகினைக் காட்டினவர்) ஹோம் டைப்பா காஸ்ட் பண்ணிப் (மாத்திப்) பார்த்தேன், நில் (ஒண்ணுமில்லை) வருது. எங்க தப்பு?

பதில் 1

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். குறிப்பாக இரண்டும் மூன்றும் சேர்ந்து வந்ததால் காரணம் உடனே பிடிபடுகிறது. அந்த இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்.

முதலில் ஒன்றாவது. வியூ டிட் லோடு ஓடும்போது ஹோமின் வியூ நினைவகத்தில் உருவாகிவிட்டது, அவ்வளவுதான். அது இன்னும் எந்த விண்டோவிலும் ஒட்டப்படவில்லை. ஒரு திரையின் மேல் இன்னொன்றைக் காட்ட வேண்டுமென்றால் கீழே இருப்பது விண்டோவுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யூஐகிட் அந்த வேண்டுகோளைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீங்கள் பார்த்த வரியை மட்டும் எழுதும். பிறகு தானாக மறுபடி முயலாது. வியூ வில் அப்பியரும் இதற்குச் சரியான இடமில்லை. 2023இல் எக்ஸ்கோடு (ஆப்பிளின் ஆப் எழுதும் மென்பொருள்) 15உடன் வந்த வியூ இஸ் அப்பியரிங் ஐஓஎஸ் 13 வரை பின்னோக்கி வேலை செய்கிறது என்பதால் சிலர் அதில் முயல்வார்கள். அது அளவு, லேஅவுட் சரிசெய்ய அருமையான இடம். ஆனால் அப்போதும் திரை மாறும் அசைவு முடிந்திருக்காது. பிரசென்ட் செய்ய வியூ டிட் அப்பியர் வரை காத்திருங்கள்.

அடுத்து இரண்டும் மூன்றும். ஃபுல் ஸ்கிரீன் என்றால் மேலே வரும் திரை கீழே இருப்பதை முழுதாக மூடிவிடும். அதனால் ஹோமின் வியூ விண்டோவிலிருந்தே கழற்றப்படுகிறது. மூடும்போது திரும்ப மாட்டப்படும், அதனால் வில் அப்பியர், டிட் அப்பியர் இரண்டும் மறுபடி ஓடும். ஐஓஎஸ் 13க்குப் பிறகு ஸ்டைல் எதுவும் சொல்லாமல் விட்டால் கிடைப்பது பேஜ் ஷீட், அதாவது மேலே கொஞ்சம் இடம் விட்டு அட்டை போல நிற்கும் திரை. அதன் பின்னால் ஹோம் விண்டோவிலேயே இருக்கிறது. விலகாத ஒன்று ‘திரும்பத் தோன்றாது’, எனவே வில் அப்பியர் வராது. உங்கள் ரீலோடு ஓடாததற்கு இதுதான் காரணம்.

ஃபுல் ஸ்கிரீனில் லாகின் ஏன் திரும்ப வருகிறது? வரிசையைப் பாருங்கள். டிஸ்மிஸ் கூப்பிட்டதும் அசைவு ஓடுகிறது, ஹோமுக்கு டிட் அப்பியர் வருகிறது, லாகினுக்கு டிட் டிஸப்பியர் வருகிறது, அதன் பிறகே கம்ப்ளீஷன் பிளாக். நீங்கள் டோக்கனைச் சேமிப்பது அந்தக் கடைசிப் படியில். ஹோம் டோக்கனைத் தேடும் நேரத்தில் அது இன்னும் எழுதப்படவே இல்லை, எனவே மறுபடி லாகினைக் காட்டுகிறது. டோக்கனை முதலில் சேமித்துவிட்டு, பிறகு டிஸ்மிஸ் கூப்பிடுங்கள். இந்த ஒரு வரி இடம் மாறினாலே இரண்டாவது சிக்கல் தீரும்.

பதில் 2

நாலாவதுக்கு நான் சொல்றேன். எரரே இல்லாம முழுங்கறது அந்தக் கேள்விக்குறிதான். லாகினை நீங்க தனியா பிரசென்ட் பண்ணியிருக்கீங்க. அது எந்த நேவிகேஷன் ஸ்டாக்குக்குள்ளயும் இல்ல. அதனால அதோட நேவிகேஷன் கன்ட்ரோலர் நில். நில் மேல கேள்விக்குறி போட்டு புஷ் பண்ணினா ஸ்விஃப்ட் அந்த வரியை அப்படியே தாண்டிப் போயிடும். டெவலப்மென்ட் நேரத்துல இந்த மாதிரி இடத்துல கார்டு லெட் (நில்லான்னு பார்க்கற காவல் வரி) போட்டு, நில்லா இருந்தா அசெர்ஷன் ஃபெயிலியர் (ஆப்பை அங்கேயே நிறுத்தறது) அடிக்கற மாதிரி வெச்சுக்கோங்க. தப்பு அன்னிக்கே கண்ணுல படும்.

இதுக்கு லாகினை ஒரு நேவிகேஷன் கன்ட்ரோலருக்குள்ள சுத்தி பிரசென்ட் பண்ணினா சரியாயிடும்னு தோணும். ஆகாது. அப்போ புரொஃபைல் லாகினோட ஸ்டாக்குக்குள்ள புஷ் ஆகும். அடுத்த வரி டிஸ்மிஸ் அந்த ஸ்டாக்கையே மூடிடும், புரொஃபைலும் கூடவே போயிடும். புஷ் பண்ண வேண்டியது ஹோம் இருக்கற ஸ்டாக்கில்.

பிரசென்டிங் வியூ கன்ட்ரோலர் ஏன் ஹோமா வரலன்னா, ஹோம்ல இருந்து பிரசென்ட் கூப்பிட்டாலும் யூஐகிட் மேல ஏறிப் போய், திரை முழுக்க நிறைஞ்சு இருக்கறவரைத்தான் காட்டறவரா எடுத்துக்கும். உங்க அமைப்புல அது டேப் பார் கன்ட்ரோலர். அதை ஹோமா காஸ்ட் பண்ணினா நில்தான் வரும். அந்த வழியில் ஹோமைத் தேடவே தேடாதீங்க.

சரியான வழி: லாகினுக்கு ‘ஆன் ஃபினிஷ்’னு ஒரு குளோஷர் (பின்னால கூப்பிடறதுக்காக வெச்சுக்கற கோடு) ப்ராப்பர்டி. லாகின் ஜெயிச்சதும் டோக்கனைச் சேமிச்சிட்டு அதைக் கூப்பிடட்டும். தானே மூடிக்க வேண்டாம். ஹோம் அந்தக் குளோஷருக்குள்ள டிஸ்மிஸ் கூப்பிட்டு, அதோட கம்ப்ளீஷனில் லிஸ்டை ரீலோடு பண்ணி, தன்னோட நேவிகேஷன் கன்ட்ரோலரில் புரொஃபைலை புஷ் பண்ணட்டும். திறந்தவரே மூடினா யார் எங்க இருக்காங்கற குழப்பம் வராது.

ஹோம் லாகினை ஒரு ப்ராப்பர்டியில் வெச்சிருந்தா, குளோஷருக்குள்ள வீக் செல்ஃப் (ஹோமை இறுக்கிப் பிடிக்காத குறிப்பு) கட்டாயம். இல்லாட்டி ஹோம் லாகினைப் பிடிச்சிருக்கும், லாகின் குளோஷர் வழியா ஹோமைப் பிடிச்சிருக்கும், ரெண்டும் நினைவகத்தை விட்டுப் போகாது. டீஇனிட்டில் (நினைவகத்தை விட்டுப் போகும்போது ஓடறது) ஒரு பிரின்ட் போட்டுப் பாருங்க. மூடினதும் அந்த வரி வரலன்னா எங்கேயோ பிடி இருக்குன்னு அர்த்தம்.

பதில் 1

மேலே சொன்ன குளோஷர் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் அடைக்க வேண்டும். பேஜ் ஷீட்டைப் பயனர் விரலால் கீழே இழுத்து மூடலாம். அப்போது ஆன் ஃபினிஷ் கூப்பிடப்படாது. அதற்கு இரண்டு வழி.

லாகின் இல்லாமல் ஹோம் பயன்படாது என்றால் ‘இஸ் மோடல் இன் பிரசென்டேஷன்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள், இழுத்தாலும் மூடாது.

மூடலாம் என்றால் பிரசென்ட் செய்வதற்கு முன்பே பிரசென்டேஷன் கன்ட்ரோலரின் டெலிகேட்டாக (நடப்பதைக் கேட்டுக்கொள்பவராக) ஹோமை வையுங்கள். ‘பிரசென்டேஷன் கன்ட்ரோலர் டிட் டிஸ்மிஸ்’ என்ற அழைப்பு அதற்கு வரும். இதில் பலர் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். லாகினை நேவிகேஷன் கன்ட்ரோலருக்குள் சுற்றியிருந்தால் டெலிகேட்டை வெளியே இருக்கும் நேவிகேஷன் கன்ட்ரோலருக்குத்தான் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் லாகினுக்கு வைத்தால் வராது. அடுத்தது, இந்த அழைப்பு விரலால் இழுத்து மூடும்போது மட்டுமே வரும், கோடிலிருந்து டிஸ்மிஸ் கூப்பிட்டால் வராது. ஆகவே ரீலோடை ஒரு தனி ஃபங்ஷனாக எழுதி, இரண்டு பாதையிலிருந்தும் அதையே கூப்பிடுங்கள்.

பதில் 3

லாகின் கட்டாயம் என்றால் ஹோமிலிருந்து பிரசென்ட் செய்வதே வேண்டாம் என்பது என் கருத்து. ஹோம் ஒரு நொடி தெரிந்துவிட்டுப் பிறகு லாகின் ஏறுவது கண்ணுக்கு நன்றாகவும் இருக்காது, ஹோம் டோக்கன் இல்லாமலே சர்வரைக் கூப்பிடும் வாய்ப்பும் உண்டு. சீன் டெலிகேட்டில் (ஆப்பின் விண்டோவை அமைக்கும் இடம்) டோக்கனைப் பார்த்து, இருந்தால் டேப் பாரையும் இல்லாவிட்டால் லாகினையும் விண்டோவின் ரூட்டாக வையுங்கள். லாகின் முடிந்ததும் ரூட்டை மாற்றுங்கள். யூஐவியூவின் டிரான்ஸிஷன் மெதடில் கிராஸ் டிஸால்வ் 0.25 நொடி கொடுத்தால் வெட்டியது போல இராது. மாற்றுவதற்கு முன் மேலே ஏதாவது பிரசென்ட் ஆகி நின்றால் அதை முதலில் மூடிவிடுங்கள். விண்டோவை ஃபங்ஷனுக்குள் லோக்கல் மாறியாக உருவாக்கினால் ஃபங்ஷன் முடிந்ததும் அது போய்விடும், திரை கருப்பாகவே நிற்கும். சீன் டெலிகேட்டின் ப்ராப்பர்டியில் வைக்க வேண்டும்.

லாகின் இல்லாமலும் உலாவ விடும் ஆப் என்றால் பதில் 2இல் உள்ள வழியே போதும்.

கேட்டவர்

மூணு பேருக்கும் நன்றி. ஆப் லாகின் இல்லாமலும் உலாவ விடும், அதனால குளோஷர் வழியே வெச்சேன். நாலும் சரியாயிடுச்சு. கூட மூணு விஷயம் கண்ணுல பட்டுது:

அ. ஹோமில் ஒரு பட்டனை வேகமா ரெண்டு தடவை தட்டினா விவரத் திரை ரெண்டு தடவை புஷ் ஆகுது. சர்வர்ல இருந்து டேட்டா வந்ததும் புஷ் பண்ற இடத்துல எக்ஸ்கோடு மெயின் திரெட் (திரை வேலைகள் நடக்க வேண்டிய ஓட்டம்) எச்சரிக்கையும் தருது.

ஆ. விவரத் திரை புஷ் ஆகும்போது அசைவு வெட்டி வெட்டி வருது, ஹோம் ஊடால தெரியுது.

இ. நேவிகேஷன் பாரை மறைச்சதும் ஓரத்துல இருந்து இழுத்துப் பின்னால போறது நின்னுடுச்சு. பாப் ஜெஸ்ச்சரோட (அந்த இழுப்பைக் கவனிக்கறது) டெலிகேட்டை நில் ஆக்கினா வேலை செய்யுது. ஆனா ஹோமில் இருக்கும்போது ஓரத்தை இழுத்துட்டா, அப்புறம் எதைத் தட்டினாலும் ஆப் அசையறதில்ல.

பதில் 2

அ. புஷ் கூப்பிட்ட அந்த நொடியிலேயே ஸ்டாக் மாறிடும், அசைவுதான் பின்னால ஓடும். அதனால புஷ்ஷுக்கு முன்னாடி ‘டாப் வியூ கன்ட்ரோலர் நான்தானா’ன்னு மூணு ஈக்வல் குறி போட்டு ஒரு கார்டு வையுங்க. ரெண்டாவது தட்டு வரும்போது டாப்பில் விவரத் திரை இருக்கும், கார்டு திருப்பி அனுப்பிடும். பட்டனை அரை நொடி முடக்கற வேலையெல்லாம் வேண்டாம். மெதுவான ஃபோன்ல அது காலை வாரும்.

யூஆர்எல் செஷன் ஷேர்டோட (சர்வரைக் கூப்பிடறது) கம்ப்ளீஷன் மெயின் திரெட்டில் வராது. டிஸ்பேட்ச் கியூ மெயின் அசிங்குக்குள்ள (மெயின் திரெட்டுக்கு வேலையை அனுப்பறது) புஷ் பண்ணுங்க. அதே கார்டு அங்கயும் வேணும். பதில் வர மூணு நொடி ஆச்சுன்னா, அதுக்குள்ள பயனர் வேற திரைக்குப் போயிருக்கலாம். அப்போ திடீர்னு அவர் முன்னாடி ஒரு திரை வந்து குதிக்கக் கூடாது.

ஆ. விவரத் திரையோட வியூவுக்கு பேக்ரவுண்ட் கலர் கொடுக்கல, சரியா? கோடில் உருவாக்கற வியூவுக்கு நிறம் நில், அதாவது கண்ணாடி மாதிரி. பின்னால நகர்ற ஹோம் அது வழியா தெரியறதுதான் வெட்டற மாதிரி படுது. வியூ டிட் லோடில் சிஸ்டம் பேக்ரவுண்ட் ஒரு வரி போடுங்க.

பதில் 1

இ. டெலிகேட்டை நில் ஆக்கினால் ரூட் திரையிலும் அந்த ஜெஸ்ச்சர் தொடங்கிவிடுகிறது. பின்னால் போக ஒன்றும் இல்லாததால் நேவிகேஷன் கன்ட்ரோலர் பாதி மாற்றத்தில் மாட்டிக்கொள்கிறது. அடுத்த புஷ்ஷில் உறைந்து நிற்பது அதனால்தான். நேவிகேஷன் கன்ட்ரோலரின் சப்கிளாஸ் (அதிலிருந்து பிறக்கும் வகை) ஒன்றை எழுதி, அதையே ஜெஸ்ச்சரின் டெலிகேட்டாக வையுங்கள். ‘ஜெஸ்ச்சர் ரெகக்னைசர் ஷுட் பிகின்’ அழைப்பில், ஸ்டாக்கில் உள்ள கன்ட்ரோலர்களின் எண்ணிக்கை 1ஐவிட அதிகமா என்பதைத் திருப்பி அனுப்புங்கள்.

இழுத்துப் பின்னால் போவது திரும்ப வந்ததும் இன்னொன்றையும் கவனியுங்கள். பயனர் பாதி இழுத்துவிட்டு மனம் மாறி விரலை விட்டால், ஹோமுக்கு வில் அப்பியர் வந்து, உடனே வில் டிஸப்பியரும் டிட் டிஸப்பியரும் வரும். டிட் அப்பியர் வராது. உங்கள் ரீலோடு வில் அப்பியரில் இருப்பதால், இப்படிப் பாதியில் விடும் ஒவ்வொரு தடவையும் சர்வருக்கு ஒரு அழைப்பு வீணாகப் போகும்.

கேட்டவர்

சப்கிளாஸ் போட்டதும் உறையறது நின்னுடுச்சு. ரீலோடை டிட் அப்பியருக்கு மாத்தி, பாதி இழுத்து விட்டுப் பார்த்தேன். சர்வருக்கு அழைப்பு போகல. ஷீட் மூடற பாதையில தனி ஃபங்ஷனே ரீலோடு பண்ணுது. விவரத் திரைக்கு நிறம் கொடுத்ததும் அசைவும் சீரா வருது.