ஆரல்வாய்மொழிக் கணவாயின் பருவமழை மேகங்களைப் படமெடுக்க ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வரும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் கருமேகம் அடைத்து நிற்க, இந்தப் பக்கம் முப்பந்தல் காற்றாலைகளின் மேல் வெயில் அடிக்கும் காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாலையில் மேக இடுக்குகள் வழியே ஒளிக்கற்றைகள் விசிறிபோல் இறங்கும் அந்தச் சில நிமிடங்களைப் படமாக்குவதில்தான் எனக்கு உங்கள் உதவி வேண்டும்.

மேகத்தின் விளிம்புக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமராவில் பதிவாகும் ஒளியின் அளவு) வைத்தால் அடிவாரத்துப் பனைகள் வெறும் கருப்பாகிவிடுகின்றன. பனைகளுக்கு ஏற்ப வைத்தால் ஒளிக்கற்றையே வெளுத்துப்போகிறது. மூன்று எக்ஸ்போஷர்களில் எடுத்து இணைத்தால், இறக்கைகள் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒவ்வொரு காற்றாலைக்கும் ஆறேழு மங்கலான இறக்கைகள் முளைத்துவிடுகின்றன. மேல்பாதி மட்டும் கருமையான கிராஜுவேட்டட் என்டி ஃபில்டரோ மலை முகட்டையும் சேர்த்து இருட்டாக்குகிறது. சூரியன் இருக்கும் திசையில், வான நிறத்தை அழுத்தமாக்கும் போலரைசர் ஃபில்டரால் அவ்வளவாகப் பயனில்லை.

எனவே, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 100-இல் மேகத்தின் வெளிச்சத்தைக் காப்பாற்றி கேமரா பதப்படுத்தாத ஒரே ரா கோப்பாக எடுத்து, நிழல் பகுதியைப் பிறகு மென்பொருளில் உயர்த்துவதே மேல் என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய) சென்சாரில் எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) வரை உயர்த்தலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். அந்தக் காற்றில் டிரைபாடை அசையாமல் நிறுத்த, நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுவதைவிட (பையே ஊஞ்சலாடுகிறது) நல்ல வழி உண்டா? வானத்தையே மாற்றிவைக்கும் செயலிகளைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம்.