இரண்டு இக்னிஷன், ஒரே போல்ட்

திருவையாற்றிலிருந்து:

வெளிநாட்டு வேலையை விட்டு ஊர் திரும்பிய என் தம்பி, தானே கட்டிவரும் சிறு விமானத்துக்கென்று வாங்கிய, பிஸ்டனுக்குப் பதில் இரண்டு ரோட்டர்கள் சுழலும் மாஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினையும் உடன் கொண்டுவந்தான். விமானம் இன்னும் எலும்புக்கூடுதான். எஞ்சினை மட்டும் களத்து மேட்டில் ஓர் இரும்புத் தாங்கியில் ஏற்றி, புரொப்பெல்லருடன் ஓட்டிப் பார்த்தோம்.

நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை குறையில்லை. அதைத் தாண்டியதும் விக்கலெடுத்தது போல் வெட்டி வெட்டி ஓடியது. இந்த எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், டிரெயிலிங் என இரண்டு பிளக்குகள் உண்டு. லீடிங் முதலிலும் டிரெயிலிங் சற்றுப் பிந்தியும் பொறி தரும். ஒன்று செத்தாலும் மற்றொன்று காப்பாற்றட்டும் என்று, இரண்டையும் தனித்தனி சுவிட்சில் வைத்திருந்தோம். வெட்டும் நேரத்தில் டிரெயிலிங்கை அணைத்தபோது எஞ்சின் சீராகிவிட்டது. குற்றவாளி அகப்பட்டான் என்று மகிழ்ந்து, டிரெயிலிங்கின் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள்), வயர், பிளக் அனைத்தையும் மாற்றினோம். பணம்தான் போனது, விக்கல் போகவில்லை.

பிறகு தம்பிக்கு ஒரு சந்தேகம் எழுந்து, டிரெயிலிங்கை விட்டுவிட்டு லீடிங்கை அணைத்துப் பார்த்தான். சக்தி நன்றாகக் குறைந்தது, அது இயல்புதான். ஆனால் வெட்டு அப்போதும் நின்றுவிட்டது. தனித்தனியே இரண்டும் ஒழுங்காக இருந்து, சேர்ந்தால் மட்டும் கெடுகிறதென்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று திணறுகிறது என்றுதானே பொருள்?

ஓடும் புரொப்பெல்லருக்கு அருகில் கை நீட்டுவது மடமை என்பதால், மீட்டரின் வயர்களை முன்பே கட்டி நீட்டிவைத்து, பின்னால் நின்று அளந்தோம். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் காயில்களின் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வோல்ட் விழுந்தது. நான்கு காயில்களின் எர்த்தும் தாங்கியில் ஒரே போல்ட்டில் முடுக்கப்பட்டிருந்தது. அந்தப் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்ட மறந்திருந்தோம், மார்கழிப் பனியில் துருவும் ஏறியிருந்தது. ஸ்டார்ட்டருக்குத் தனித் தடித்த கேபிள் இருந்து அது விறுவிறுவென்று சுற்றியதால், எர்த்தை ஒருவரும் ஐயுறவில்லை.

ரோட்டரியில் தண்டு ஒரு முறை சுற்றும்போதெல்லாம் ஒவ்வொரு பிளக்கும் பொறி தந்தாக வேண்டும். 6,000 சுற்றில் நொடிக்கு 100 பொறி. காயில் மீண்டும் மின்சாரம் நிரப்பிக்கொள்ள 10 மில்லி நொடிக்கும் குறைவான நேரமே கிடைக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிளக்குக்கு ஒரு காயில் இருந்தால் இதைப்போல் இரு மடங்கு நேரமுண்டு. வோல்டேஜ் குறைந்த காயில் வேகம் கூடும்போது அரைவயிற்றோடு பொறி விடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது லீடிங்குக்கும் டிரெயிலிங்குக்கும் வெவ்வேறு எர்த் வயர்கள் நேரே எஞ்சின் பிளாக்குக்குச் செல்கின்றன. வெட்டு இல்லை.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, என் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. மருந்தடிக்கும் டூ ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயர் குறுவை நடுவே நின்று நின்று ஓடியது. அதில் பேட்டரி கிடையாது, எஞ்சின் சுற்றும்போது காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கிப் பொறி தரும் மேக்னெட்டோதான். நிறுத்தும் சுவிட்சின் வேலையே பொறியை எர்த்தில் இறக்கிவிடுவது. அந்த வயரின் தோல் உராய்ந்து, அதிர்வில் பாடியைத் தொட்டுத் தொட்டு விலகியிருக்கிறது. தங்களுக்கு எர்த் கிடைக்காமல் வெட்டியது, எனக்கு வேண்டாத இடத்தில் எர்த் கிடைத்து நின்றது. நானும் முதலில் மாற்றியது பிளக்கைத்தான்.