எம்டனின் நாலாவது புகைபோக்கி: ஒரு சொல் வேண்டும்

ந., பெரம்பூர்:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்குப் போர் வரலாறு எடுக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குள் வினாத்தாள் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் போர்க்கப்பலான எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழையும்போது கேப்டன் ஃபான் முல்லர் பொய்யாக நாலாவது ஒன்றை நிறுத்தி, ஆங்கிலேயரின் யார்மவுத் கப்பலைப் போலக் காட்டினார். சுடுவதற்கு முன் ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டார். அப்புறம்தான் ருஷ்யக் கப்பல் ஷெம்சுக் மூழ்கியது. போர்ச் சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் வெள்ளைக் கொடி காட்டி, சரணடைவதுபோல் நடித்து, கிட்டே வந்தவரைச் சுட்டால் அது குற்றம். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, 37ஆம் பிரிவில் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. (இந்தியா அதில் சேரவில்லை. அது வேறு பாடம்.)

என் பழைய குறிப்பில் இரண்டுக்குமே ‘தந்திரம்’ என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் எழுந்து, “அப்போ ரெண்டும் சரியா, ரெண்டும் தப்பா சார்?” என்றான். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

வே., மயிலாப்பூர்:
தம்பி, தந்திரம் வடசொல் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தொல்காப்பியர், ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சித் துறைகளில் ‘வேய்ப்புறம்’ என்கிறார். வேய் என்றால் ஒற்று. இன்றைய ‘வேவு’ அதிலிருந்து வந்ததுதான். வேய்தல் என்றால் மேலே மூடுதல், சூடுதல். கூரை வேய்கிறோம், பூ வேய்கிறோம். ஆக மாறுவேடமும் உளவும் ஒரே வேரில் நிற்கின்றன. மூங்கிலுக்கும் வேய் என்று பெயர். அந்தப் பொய்ப் புகைபோக்கியையே மூங்கிலில் கட்டியிருப்பார்களோ என்னவோ! ‘வேய்ப்பு’ என்று வையுங்கள். போர் என்ற சொல்லையே ‘போர்த்தல்’ என்பதோடு சேர்த்துப் பார்க்க இடமிருக்கிறது. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

தி., ராயபுரம்:
மூங்கில் இல்லை ஐயா, கித்தானும் மரமும். நான் அட்டையில் எம்டன் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு எங்கள் பக்கத்துத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. வம்பு செய்கிற பயலை என் ஆயா “சரியான எம்டன்” என்பார். ‘எம்டன் வேலை’ என்றே வைத்துவிடலாமே? கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையும் இருந்தாராமே, அதையும்...

சா., அடையாறு:
செண்பகராமன் வேண்டாம். அவர் அந்தக் கப்பலில் இருந்ததற்குச் சான்று இல்லை என்று இங்கேயே ஒருமுறை அடித்துக்கொண்டோம்.

‘வேய்ப்பு’ அழகுதான், வே. ஐயா. ஆனால் வினாத்தாளில் அதைப் படிக்கிற பிள்ளை ‘வேப்ப’ மரத்தில் எழுத்துப் பிழை வந்துவிட்டது என்று நினைக்கும். நான் ‘போர் ஏய்ப்பு’ என்பேன்.

ந., பெரம்பூர்:
அம்மா, வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வரி ஏய்ப்பு என்றால் வரி கட்டாமல் நழுவுவது. அப்படியானால் போர் ஏய்ப்பு, போருக்கே போகாமல் டிமிக்கி கொடுப்பது என்றார்கள். பிள்ளைகள் சொன்னது சரி.

சா., அடையாறு:
தோற்றேன். அப்படியானால் ‘போர்ச் சூழ்ச்சி’.

வே., மயிலாப்பூர்:
சூழ்ச்சி என்றால் கூடி ஆராய்தல். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வள்ளுவர் அமைச்சியலில் சொன்ன கௌரவமான சொல்லைச் சின்னத்திரை மாமியார்கள் கெடுத்துவிட்டார்கள். நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டுமா?

சா., அடையாறு:
கெட்டது கெட்டதுதான், ஐயா. ஆனால் அந்தப் பழைய மானம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இங்கே உதவி. திட்டமிட்டு எதிரியைத் திணறடித்தவனைச் ‘சூழ்ச்சிக்காரன்’ என்கிறபோது பாதி வியப்பும் இருக்கிறது. அடுத்ததற்கு, அந்த வெள்ளைக் கொடிக் குற்றத்துக்கு, அந்த வியப்பு கூடாது. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்ற குறள் ஒருபக்கம். அதைவிட மெய்ப்பொருள் நாயனார் கதை பொருத்தம். போரில் தோற்றுத் தோற்று ஓய்ந்த முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு வந்தான். நீறு இருந்ததால் வாயில் காவலர் வணங்கி உள்ளே விட்டார்கள். தன்னை வணங்கிய நாயனாரையே குத்தினான். இன்று அந்த நீறு இருந்த இடத்தில் செஞ்சிலுவை இருக்கிறது. எதை நம்பி நாம் ஆயுதத்தைத் தாழ்த்துகிறோமோ, அதையே ஆயுதமாக்குவது. அதனால் ‘வஞ்சக் கொலை’.

ந., பெரம்பூர்:
கொலை மட்டும் இல்லை, காயப்படுத்துவதும் சிறைபிடிப்பதும் அதில் அடங்கும். ‘வஞ்சகம்’ போதுமா?

வே., மயிலாப்பூர்:
வஞ்சித்திணையோடு குழம்புமே. அது நேரடிப் படையெடுப்பு.

தி., ராயபுரம்:
ஐயா, மணி பதினொன்றரை. கிரிக்கெட்டில் சொன்னால் முதலாவது கூக்ளி. இரண்டாவது, காயம் என்று கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, உதவிக்கு வந்தவனையே ரன் அவுட் செய்வது. சூழ்ச்சி, வஞ்சகம் இரண்டுக்கும் என் ஓட்டு.

ந., பெரம்பூர்:
சரி, மூன்றுக்கு ஒன்று. நாளைக்கு ‘போர்ச் சூழ்ச்சி’, ‘வஞ்சகம்’ என்றே போகட்டும். ஐயா மன்னிக்கணும்.

வே., மயிலாப்பூர்:
போகட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பருவத்துக்குள் ‘வேய்ப்பு’க்கு இன்னும் நாலு மேற்கோள் தருகிறேன்.

தி., ராயபுரம்:
நாலாவது புகைபோக்கியை ஒட்டிவிட்டேன். கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. யார்மவுத் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.