புதுப்பிப்பு: 5090 கார்டுக்கு பவர் கொடுப்பது, ஒரு திருத்தத்துடன்

முந்தைய பதிவில், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டில் பவர் கேபிளின் கனெக்டரை ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தினால் போதும் என்று எழுதியிருந்தேன். அது போதாது. சில கேபிள்களில் சத்தமே கேட்காது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்: பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் நூலிழை இடைவெளிகூடத் தெரியக்கூடாது.

காரணம் எளிய கணக்கு. ஆர்டிஎக்ஸ் 5090 இழுப்பது 575 வாட். 12 வோல்ட்டில் அது 48 ஆம்பியர். கனெக்டரில் 12 வோல்ட் கொண்டுவரும் ஆறு பின்கள் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 8 ஆம்பியர். ஒரு பின்னின் தாங்குதிறன் ஒன்பதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இரண்டு பின்கள் சரியாகத் தொடவில்லையென்றால் மீதி நான்கும் 12 ஆம்பியர் சுமக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அங்கே சூடு 2.25 மடங்கு. பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான்.

சோதிக்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) வேண்டும். ஏசி மட்டும் அளப்பது உதவாது. கார்டுக்கு முழு லோடு கொடுத்து, 12 வோல்ட் வரிசையின் ஆறு வயர்களையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று 3 ஆம்பியர், இன்னொன்று 11 ஆம்பியர் என்று காட்டினால் உடனே நிறுத்திவிட்டு கேபிளை மாற்றுங்கள்.

கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை வயரை வளைக்காதீர்கள். வேறு பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைத் தயவுசெய்து செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம்.

கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கக்கூடிய மின்சார உச்சவரம்பை) 80 சதவீதமாக்கினால் 460 வாட், பின்னுக்கு 6.4 ஆம்பியர். நான் இதையே பரிந்துரைக்கிறேன்.