சமூக நிறுவனத்தில் இறங்க: படித்துவிட்டுப் போவதா, போய்ப் படிப்பதா?

மதுமிதா:
வணக்கம். தனியார் நிறுவனமொன்றில் நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சமூக நிறுவனங்கள், கூட்டுறவுகள், ஊர்மக்கள் சேர்ந்து நடத்தும் தொழில்கள் என்ற பக்கம் முழுநேரமாக வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். முன்னால் இரண்டு வழி. ஒன்று, சமூகத் தொழில்முனைவில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு. இடம் கிடைத்துவிட்டது, கல்விக் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். இன்னொன்று, உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஒரு சின்ன உற்பத்திக் கூட்டுறவில் உதவி மேலாளர் வேலை. இப்போது வாங்கும் சம்பளத்தில் பாதிகூட வராது. இரண்டில் எது உண்மையிலேயே கற்றுக்கொடுக்கும்? அனுபவம் உள்ளவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். ஒருவரோடொருவர் வாதாடினாலும் நல்லதுதான்.

கணக்கன்:
வேலைக்குப் போங்கள்.

கூட்டுறவுகளுக்கும் தொண்டு அமைப்புகள் நடத்தும் சிறு தொழில்களுக்கும் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கண்முன்னே படுத்துப்போன அமைப்புகளில் எதுவும் நல்ல நோக்கம் இல்லாமல் படுக்கவில்லை. வரவேண்டிய பாக்கியைக் கையில் இருக்கும் பணமாக நினைத்துச் செலவு செய்திருப்பார்கள். பயிற்சிக்கென்று வந்த மானியத்தை எடுத்து அந்த மாதச் சம்பளம் போட்டிருப்பார்கள், அடுத்த தவணை வந்ததும் சரிக்கட்டிவிடலாம் என்று. தவணை தாமதமாகும். மானியம் கொடுத்தவர் பயன்பாட்டுச் சான்று கேட்பார். அங்கிருந்து மீண்டு வருவது ரொம்பக் கஷ்டம்.

சம்பள நாள் நெருங்கும்போது வங்கிக் கணக்கைப் பார்த்து வயிறு கலங்குகிறதே, அதை எந்த வகுப்பும் கற்றுத்தராது. உங்களுக்கு நிதி தெரியும். மீதியைக் கடன் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை.

இளவேனில்:
கணக்கன் ஐயாவோடு இதில் ஒத்துப்போக முடியவில்லை. நான் இந்தப் படிப்பைப் படித்தவள், இப்போது சமூக அமைப்புகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு தவறும் வகுப்பில் சொல்லித்தரக்கூடியவைதான். எந்தப் பணத்தை எதற்குத் தொடலாம், எதற்குத் தொடக்கூடாது என்பது ஒரு பாடம். அதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அந்தப் பாடத்துக்கான விலையை உறுப்பினர்கள் கொடுக்கிறார்கள்.

அதோடு, ஒரே அமைப்பில் கற்றுக்கொள்பவருக்கு அந்த அமைப்பின் பழக்கம்தான் உலகம். இத்தாலியில் 1991-ல் வந்த 381-ஆம் எண் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகக் கூட்டுறவுகளை அது இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, பராமரிப்பு, கல்வி போன்ற சேவைகளைக் கொடுப்பது. மற்றது, வேலைச் சந்தையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலை கொடுப்பது, அங்கே வேலை செய்பவர்களில் குறைந்தது 30 சதவீதம் அப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 2005 முதல் சமூக நல நிறுவனம் என்று தனியாக ஒரு சட்ட வடிவம் இருக்கிறது. அதன் சொத்தை நிறுவனர்கள் பங்குபோட்டு எடுத்துக்கொண்டு போக முடியாதபடி சட்டமே பூட்டிவைக்கிறது. இப்படியெல்லாம் வழி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் தன் அமைப்புக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று கேட்பார். வேலையில் மூழ்கிக் கிடப்பவருக்கு அந்தக் கேள்வியே வராது.

கணக்கன்:
சட்ட வடிவத்தை ஒரு வழக்கறிஞர் ஒரு மதியத்தில் விளக்கிவிடுவார் அம்மா. அதற்கு ஓராண்டு எதற்கு?

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் மொண்ட்ராகன் கூட்டுறவுக் குழுமம் எப்படி வந்தது என்று பாருங்கள். அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற பாதிரியார் 1943-ல் அங்கே ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். பையன்கள் கைத்தொழில் கற்றார்கள், ஆலையில் வேலை பார்த்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்து வந்த 5 பேர்தான் 1956-ல் முதல் கூட்டுறவு ஆலையான உல்கோரைத் தொடங்கினார்கள். கோட்பாடு படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை, இயந்திரத்துக்கு முன்னால் நின்றவர்கள்.

இளவேனில்:
கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த 5 பேரும் தொழிற்பள்ளியோடு நிற்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே சரகோசா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க அதே பாதிரியார்தான் ஏற்பாடு செய்தார். பட்டம் வாங்கிய பிறகுதான் தாங்கள் வேலை பார்த்த நிறுவனத்தில் தொழிலாளிகளுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கிடைக்காதபோது வெளியே வந்து தாங்களே தொடங்கினார்கள். பள்ளிக்கும் ஆலைக்கும் நடுவே 13 வருடம் இருக்கிறது. அவ்வளவு காலம் படிப்பில் முதலீடு செய்த பிறகு வந்த ஆலை அது.

குஜராத்தின் ஆனந்தில், அமுல் பால் கூட்டுறவில், என்ன நடந்தது? அமெரிக்காவில் பொறியியல் படித்துவிட்டு வந்த வர்கீஸ் குரியன் 1949-ல் அங்கே போனார். கூட்டுறவு அதற்கு 3 வருடம் முன்பே, 1946-ல், திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பதிவாகியிருந்தது. படித்தவரின் திறமையும் விவசாயிகளின் உரிமையும் சேர்ந்ததால்தான் அது நின்றது. அப்புறம் அதே குரியன் 1979-ல் இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தையும் தொடங்கினார். களத்திலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்றால் அவர் ஏன் ஒரு கல்வி நிறுவனம் கட்ட வேண்டும்?

பரணி:
இதுவரை வாசித்ததில் ஒன்று உறுத்துகிறது. இருவரும் மதுமிதா எங்கே கற்றுக்கொள்வார் என்றுதான் பேசுகிறீர்கள். அந்தக் கூட்டுறவின் உறுப்பினர்கள் எங்கே கற்றுக்கொள்வார்கள்? இந்தத் துறையில் கல்வி வாய்ப்பு என்று பேச்சு எழுந்தாலே, மேலாளராக வரப்போகும் ஒருவருக்கான படிப்பு என்று அது சுருங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், ராச்டேல் முன்னோடிகள் என்ற தொழிலாளர்கள் 1844-ல் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். சில வருடங்களிலேயே உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குவது என்று விதி வைத்தார்கள். வாசிப்பறை, நூலகம், வகுப்புகள் எல்லாம் கூலி நெசவாளர்களும் அவர்களைப் போன்றவர்களும் தங்களுக்காக நடத்திக்கொண்டவை. உறுப்பினர் கல்வி இன்றும் உலகக் கூட்டுறவுக் கோட்பாடுகளில் ஐந்தாவதாக இருக்கிறது. எத்தனை அமைப்புகள் அதற்கு உண்மையில் பணம் ஒதுக்குகின்றன?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்து அண்டிகோனிஷ் இயக்கம். புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-ல் ஒரு விரிவாக்கத் துறையை உண்டாக்கியது, மோசஸ் கோடி அதை நடத்தினார். அங்கே மாணவர் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. முதலில் ஊரில் ஒரு பெரிய கூட்டம் போடுவார்கள். அதன் பிறகு அக்கம்பக்கத்தார் சிறு சிறு படிப்பு வட்டங்களாகப் பிரிந்து ஒருவர் வீட்டுச் சமையலறையில் உட்காருவார்கள். துறை அனுப்பிய துண்டுப் பிரசுரத்தை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் வாசிப்பார். கேள்வி எப்போதும் அவர்கள் கையில் இருக்கும் தொழிலைப் பற்றியது: நாம் பிடிக்கும் சிங்கி இறாலுக்கு நமக்குக் கிடைப்பது எவ்வளவு, வாங்கிப் பதப்படுத்தி விற்பவருக்குப் போவது எவ்வளவு, நடுவில் இருக்கும் வேலையை நாமே செய்தால் என்ன? படித்து முடித்த வட்டம் சான்றிதழ் வாங்கவில்லை. கூட்டுறவு இறால் பதப்படுத்தும் ஆலையும் கடன் சங்கமும் தொடங்கியது.

இங்கே படிப்பும் தொழிலும் ஒன்றுக்கொன்று போட்டியாகவே வரவில்லை. அதனால் மதுமிதா, உங்கள் இரண்டு வழியையும் இதே கேள்வியால் சோதியுங்கள்: நீங்கள் கற்பது அங்கே இருக்கும் மற்றவர்களுக்கும் போய்ச் சேருமா?

கணக்கன்:
பரணி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன், அமைப்பின் பெயர் வேண்டாம். பொதுக்குழுவில் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்டை) வாசித்தார்கள். வருடம் லாபம் என்று வந்திருந்தது, எல்லோரும் கை தூக்கத் தயாராக இருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டார்: "லாபம் இருக்கிறதென்றால் எங்களுக்கு இரண்டு மாதமாக ஏன் கூலி பாக்கி?" மேடையில் யாரும் பேசவில்லை. பெரிய கொள்முதல்காரர் ஒருவர் பணம் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாக்கியையும் சேர்த்துத்தான் லாபம். ஐந்தொகையில் 'வரவேண்டியவை' என்ற வரியை எடுத்துக் கரும்பலகையில் எழுதி, யார் யாரிடம், எத்தனை நாளாக என்று பிரித்துக் காட்டினோம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் கொள்முதல்காரருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புவதை உறுப்பினர்களே நிறுத்தினார்கள்.

அந்தப் பெண் எந்தப் பட்டமும் வாங்கியவர் இல்லை. ஆனால் அந்த அறையில் அவர்தான் கணக்கைச் சரியாக வாசித்தார்.

இளவேனில்:
நல்ல நிகழ்வு. ஆனால் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார் அல்லவா? நீங்கள் இல்லாத அமைப்பில் அந்தப் பெண்ணின் கேள்வி பதிலில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

உறுப்பினர் கல்வியை எல்லாவற்றுக்கும் மருந்தாக்குவதும் எனக்குக் கவலை தருகிறது. மொண்ட்ராகனுக்குள்ளேயே ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013-ல் திவாலானது. நீங்கள் புகழ்ந்த உல்கோரின் வாரிசு அதுதான். ஸ்பெயினில் வீடு கட்டும் சந்தை சரிந்தபோது அடுப்பும் குளிர்பெட்டியும் வாங்க ஆளில்லை. எத்தனை படிப்பு வட்டம் போட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. சந்தையைப் படிக்க, கடனை எடைபோடத் தேர்ந்தவர்கள் வேண்டும். அதை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது அவர்கள்மேல் சுமத்தும் பாரம்.

பரணி:
சந்தைச் சரிவைத் தடுத்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2005-ல் பிரான்ஸின் பிராண்ட் நிறுவனத்தை வாங்கி ஃபாகோர் பெரிதானது. சரிவு வந்தபோது கடன் பாரத்தோடு நின்றது. அந்த நிறுவனத்தில் தேர்ந்த மேலாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. பணம் யாருடையது? உறுப்பினர்கள் போட்டிருந்த பங்குத்தொகையும் போனது. தன் சேமிப்பை வைத்து எடுக்கும் முடிவைப் புரிந்துகொள்வது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. அது அவர்களுடைய உரிமை.

அதே சமயம், வேலை இழந்தவர்களில் பெரும்பகுதியினருக்குக் குழுமத்தின் மற்ற கூட்டுறவுகளில் இடம் தேடிக் கொடுத்தார்கள். கூட்டாக இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதுவும் பாடம்தான்.

படிப்பறிவு இல்லாதவர்களால் முடியாது என்ற எண்ணத்தை, எலா பட் அகமதாபாத்தில் தொடங்கிய ஏழைப் பெண் தொழிலாளர்களின் சங்கமான சேவா எப்போதோ உடைத்துவிட்டது. 1974-ல் சேவா வங்கியைப் பதிவு செய்யப் போனபோது, முன்நின்ற பெண்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இரவு முழுக்க உட்கார்ந்து பழகிக்கொண்டு மறுநாள் போட்டார்கள். எலா பட் சட்டம் படித்தவர், அவருடைய படிப்பு அங்கே கட்டாயம் உதவியது. ஆனால் வங்கி அந்தப் பெண்களின் பங்குப் பணத்தில் நின்றது.

மதுமிதா:
எல்லோருக்கும் நன்றி. இன்று படிப்பின் பாடத்திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். களப்பணி 6 வாரம். ஏதாவது ஓர் அமைப்புக்குப் போய் விரிவாக்கத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அது நடந்ததா இல்லையா என்று பார்க்க யாரும் திரும்பப் போவதாகத் தெரியவில்லை. முதலீட்டாளர் முன் பேசும் பயிற்சிக்கு ஒரு முழுப் பாடமே இருக்கிறது. உறுப்பினர் கூட்டம் நடத்துவதற்கு எதுவும் இல்லை. இளவேனில், நீங்கள் படித்ததும் இப்படித்தானா?

இளவேனில்:
இல்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் அந்தப் படிப்பை நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு வாரத்தில் எழுதிய விரிவாக்கத் திட்டம் அந்த அமைப்புக்குத் தொந்தரவு, மாணவருக்கு மதிப்பெண்.

ஆனால் படிப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு இதிலிருந்து போய்விடாதீர்கள். வேலையை விடாமல் படிக்கும் வழிகள் இருக்கின்றன. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகம் கூட்டுறவு மேலாண்மையை அப்படித்தான் நடத்துகிறது, மாணவர்கள் ஏற்கெனவே கூட்டுறவுகளில் பொறுப்பில் இருப்பவர்கள். அண்டிகோனிஷ் இயக்கத்தின் மோசஸ் கோடி பெயரில் 1959-ல் தொடங்கிய கோடி நிறுவனம் இன்றும் களத்தில் இருப்பவர்களை அழைத்துப் பயிற்சி கொடுக்கிறது. லண்டனில் மைக்கேல் யங் 1997-ல் தொடங்கிய சமூகத் தொழில்முனைவோர் பள்ளியில், சேருபவர் தன் அமைப்பின் சிக்கலையே பாடமாகக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அறிவுரை சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் முறை.

பரணி கேட்டதற்கும் ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் திங்க்.கூப், ஸ்டார்ட்.கூப் என்ற பயிற்சிக் கையேடுகள் இலவசம். வெளியிலிருந்து பயிற்றுநர் வர வேண்டியதில்லை, ஒரு குழு தானே உட்கார்ந்து செய்யலாம். நான் பயன்படுத்தியிருக்கிறேன், நன்றாக ஓடும்.

கணக்கன்:
அந்தக் கையேட்டை நானும் எடுத்துப் பார்க்கிறேன்.

மதுமிதா, வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன்னால் கடந்த 3 வருடத் தணிக்கை அறிக்கையும் பொதுக்குழுத் தீர்மானப் புத்தகமும் பார்க்கக் கேளுங்கள். தீர்மானங்களில் உறுப்பினர்கள் கேட்ட கேள்வி ஏதாவது பதிவாகியிருக்கிறதா, இல்லை 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' மட்டும்தானா என்று பாருங்கள். புத்தகத்தைக் காட்ட மறுத்தால் அங்கே போகாதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் மறைக்கத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

மதுமிதா:
கேட்டேன். தணிக்கை அறிக்கை அனுப்பிவிட்டார்கள். தீர்மானப் புத்தகத்தை நேரில் வந்து பார்க்கச் சொன்னார்கள், அடுத்த பொதுக்குழுவில் பார்வையாளராக உட்காரவும் அழைத்திருக்கிறார்கள். கல்வி நிறுவனம் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கச் சம்மதிக்கிறது. வேலையை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இளவேனில்:
அந்த ஒரு வருடம்தான் எனக்குப் பயம். சின்ன அமைப்பில் நீங்கள் இல்லாமல் ஓடாது என்ற நிலை சில மாதங்களிலேயே வந்துவிடும். பிறகு படிக்கப் போகிறேன் என்று சொல்ல உங்களுக்கே மனம் வராது. சேரும்போதே வாரத்தில் ஒரு நாள் கற்பதற்கென்று வேலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம்.

கணக்கன்:
எழுதி வாங்குங்கள், சரிதான். ஆனால் அந்த ஒரு நாளில் பாதியை உறுப்பினர்களோடு கணக்குப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இளவேனில்:
பாதி நாளெல்லாம் இல்லை ஐயா. அதற்குத் தனி நேரம் கேட்கட்டும். அவர் படிக்கும் நேரத்தில் கை வைக்காதீர்கள்.