வி-ஸ்பீடுகள்: எந்த எண் உங்களுக்கு எப்போது உறைத்தது?

செஸ்னா மாணவன்:
வி-ஸ்பீடுகளை, அதாவது ஒரு விமானத்துக்கென்று வரையறுத்த முக்கிய வேக எண்களை, எல்லோரும் உருப்போட்டுத்தான் தேர்வு எழுதியிருப்போம். அதில் எது, எப்போது மண்டையில் ஏறியது என்று எழுதுங்களேன். நானே தொடங்குகிறேன்.

நான் ஓட்டுவது செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமானம். வேகமானியில் பச்சைப் பட்டை 48 நாட் (மணிக்கு 48 கடல் மைல்) வேகத்தில் தொடங்கும். ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகள்) இறக்காமல் பறந்தால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் அது. ஃபிளாப்ஸை முழுக்க இறக்கினால் 40. வெள்ளைப் பட்டையின் அடிமுனை. அதற்கு மேலே ஊசி நின்றால் கவலையில்லை என்பதுதான் எங்கள் பேட்ச்சில் பலருடைய கணக்கு.

ஒருநாள் பயிற்றுநர் 4,000 அடியில் பவரைக் குறைத்து, 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பச் சொன்னார். யோக்கை (கட்டுப்பாட்டுப் பிடியை) இழுக்க இழுக்க உடம்பு இருக்கையில் அழுந்துகிறது. திடீரென்று ஸ்டால் நெருங்குவதை எச்சரிக்கும் ஹாரன் ஊளையிட ஆரம்பித்தது. ஊசியைப் பார்த்தால் 70-க்கும் மேலே! “48 எங்கே போச்சு தம்பி?” என்றார்.

இறங்கியதும் கையேட்டைத் திறந்து காட்டினார். சாய்வு இல்லாமல் 48, 45 பாகையில் 57, 60 பாகையில் 68. அந்தச் சாய்வில் இறக்கை விமானத்தின் எடையைப் போல இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். பட்டையில் இருக்கும் எண் முழு எடையில் நேராகப் பறப்பவனுக்கு மட்டும். ஓடுதளத்தை நோக்கிக் கடைசித் திருப்பத்தில் ஓடுதளத்தின் நேர்க்கோட்டைத் தாண்டிப் போனவர்கள், சாய்வைக் கூட்டி இழுத்து ஏன் விழுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அங்கே நாம் வருவதே 65-ஐ ஒட்டித்தான். மீட்க உயரமும் கிடையாது.

அப்புறம் அந்த ஹாரன். மின்சாரம் எதுவும் இல்லை. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை. ஸ்டால் நெருங்கும்போது அங்கே காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே ஊதல் ஒலிக்கும். கிளம்பும் முன் துளைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிச் சோதிக்கலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வலது இருக்கை:
ஏ320 பயணிகள் விமானத்தில் துணை விமானி. எனக்கு வி1. புறப்பாட்டை நிறுத்துவதென்றால் அந்த வேகத்துக்குள் முதல் நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்ஜின் போனாலும் மேலே போவதுதான். நான் “வி1” என்று சொன்னதும் கேப்டன் த்ரஸ்ட் லீவரிலிருந்து (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கையை எடுத்துவிடுவார். முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது சிலிர்த்தது. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் எடை, வெப்பம், காற்று, ஓடுதளம் எல்லாம் போட்டுப் புதிதாகக் கணக்கிடுகிறோம். மழை பெய்து ஓடுதளம் நனைந்திருந்தால் வி1 பெரும்பாலும் குறையும். நேற்றைய எண் இன்றைக்கு உதவாது.

பறக்காத பொறியாளர்:
விமானம் ஓட்டத் தெரியாது, உடைவதைப் பற்றிப் படித்தவன். விஏ, அதாவது கட்டுப்பாடுகளை முழுக்க இயக்குவதற்கு வைத்த வேக எல்லை, பற்றி யாரும் பேசவில்லையே? அதற்குக் கீழே என்ன திருகு திருகினாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இன்னும் உலாவுகிறது. 2001 நவம்பர் 12-இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னே போன 747 கிளப்பிய சுழல்காற்றில் மாட்டியது. துணை விமானி ரடர் (வாலில் உள்ள திசைதிருப்பி) மிதியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மாறி மாறி அழுத்தினார். வேகம் விஏ-க்குக் கீழேதான். வால் செங்குத்துப் பகுதி பிய்ந்துபோய், தரையில் இருந்த 5 பேரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். ஒரு திசையில், ஒரு முறை அழுத்துவதற்குத்தான் விஏ துணை நிற்கும். எதிர்த்திசையில் திரும்பத் திரும்ப மிதிப்பதற்கு அல்ல.

இன்னொன்று. எடை குறைந்தால் விஏ-யும் குறையும். மாணவர்கள் இதைத்தான் தலைகீழாகச் சொல்கிறார்கள். லேசான விமானம் ஸ்டால் ஆகும் வேகம் குறைவு. அதனால் வேகம் அதிகமாக இருக்கும்போது இழுத்தால், ஸ்டால் வந்து காப்பாற்றுவதற்குள் சுமை வரம்பைத் தாண்டிவிடும். உங்கள் 172எஸ்-இல் 2,550 பவுண்டுக்கு 105 நாட், 2,200-க்கு 98, 1,900-க்கு 90.

செஸ்னா மாணவன்:
எங்கள் செக்லிஸ்ட்டில் 105 மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. தனியாகப் பறக்கும்போது எடை அவ்வளவு எங்கே வருகிறது? மற்ற இரண்டையும் பேனாவால் எழுதிவைத்துவிட்டேன், நன்றி அண்ணா.