சோக்காலோவில் ஆடப் போகிறவர்களுக்கு: கால், சலங்கை, முரசு

மெக்சிகோ நகரத்தின் சோக்காலோ சதுக்கத்தில் ஆஸ்டெக் ஆட்டம் ஆட வருபவர்கள் முதலில் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1521 ஆகஸ்ட் 13 அன்று ஆஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான் ஸ்பானியர்களிடம் வீழ்ந்தது. அந்த நகரத்தின் மேலேயே ஸ்பானியர்கள் தங்கள் காலனியின் தலைநகரைக் கட்டினார்கள். இன்று ஆட்ட வட்டம் கூடுவது பேராலயத்துக்கும் தெம்ப்ளோ மயோர் கோயிலின் இடிபாடுகளுக்கும் பக்கத்தில். தரை முழுக்கக் கல். குதிகாலை ஊன்றிக் குதித்தால் முழங்கால் தாங்காது, முன்பாதத்தில்தான் இறங்க வேண்டும். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்திலிருந்து வந்த அன்றே ஆடினால் மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நாள் பொறுப்பது நல்லது.

*

சலங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணுக்காலில் கட்டுவது உலோகமணி அல்ல, அயோயோத்தே என்ற காய்க் கொட்டை. நம்மூர் மஞ்சள் அரளிக்கு நெருங்கிய உறவான மரத்தின் கொட்டை அது. உள்பருப்பு கடும் விஷம். கொட்டையின் ஓரத்தை அறுத்துப் பருப்பை முழுக்க எடுத்துவிட்டு, ஓட்டில் துளை போட்டுத் தோல்பட்டையில் வரிசை வரிசையாகக் கட்டுவார்கள். அறுக்கும்போது கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். ஓடுகள் ஒன்றோடொன்று மோதித்தான் ஓசை வருகிறது. முடிச்சை இறுக்கிவிட்டால் ஓடு அசையாது, ஊமையாகிவிடும். தொளதொளவென்று விட்டால் நூல் தேய்ந்து, ஆட்டத்தின் நடுவில் கொட்டைகள் தரையில் உருளும். அவற்றை மிதித்தால் வழுக்கும். பட்டை கீழே சரியாமல் இருக்க உள்பக்கம் துணி வைத்துத் தைப்பது உதவும்.

*

முரசுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. வேவெட்ல் என்பது குடைந்த மரத்தண்டில் தோல் போர்த்தி நிமிர்த்தி வைக்கும் முரசு. மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். பொத் பொத்தென்று கேட்கும். நம்மூரில் பறையைக் காய்ச்சுவது போலத்தான் இதற்கும் வைத்தியம். அடியில் கால்களாகச் செதுக்கிய இடைவெளி இருப்பதால் கீழே தணல் வைத்துச் சூடேற்றலாம். அதிகம் சூடேற்றினால் தோல் பிளந்துவிடும். இடையிடையே விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டே இருங்கள், கணீரென்றதும் தணலை எடுத்துவிடுங்கள்.

*

வட்டத்தின் ஒழுங்கு இதையெல்லாம் விட முக்கியம். உள்ளே போகும் முன் கோப்பால் பிசின் புகையை உடம்பில் வாங்க வேண்டும். புகைக்கலத்தைப் பெரும்பாலும் ஒரு பெண் பொறுப்பில் வைத்திருப்பார்; தணல் அணையாமல் காப்பது அவர் கடமை. தொடக்கத்தில் சங்கு ஊதி நான்கு திசைகளையும் வணங்குவார்கள். நடுவில் முரசும் படையலும் இருக்கும், அதைக் குறுக்கே கடக்கக் கூடாது. வெளியேற வேண்டுமென்றால் வட்டத்தை நடத்துபவரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒவ்வொரு அடவையும் ஒரு பக்கம் செய்துவிட்டு மறுபக்கமும் செய்வார்கள். புதியவர்கள் தடுமாறுவது அந்தத் திருப்பத்தில்தான். எதிரில் நிற்பவரைப் பார்த்து ஆடினால் இடவலம் மாறிப்போகும், பக்கத்தில் ஆடுபவரின் காலைப் பாருங்கள்.

எந்தக் குழு என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சேரோ மரபினர் ஆர்மடில்லோ என்ற விலங்கின் ஓட்டில் செய்த தந்திக்கருவியை மீட்டுவார்கள், சால்மா, தெபெயாக் தேவாலயங்களுக்கு ஆடிக்கொண்டே யாத்திரை போவார்கள். மெஷிகா, அதாவது பழைய ஆஸ்டெக், மரபை மீட்கும் குழுக்கள் தேவாலயத் தொடர்பையே ஏற்பதில்லை. கொஞ்சேரோக்களின் "அவரே கடவுள்" என்ற முழக்கத்தை இவர்களின் வட்டத்தில் எழுப்பினால் மனம் நோவார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் இது வழிபாடு. ஆட்டம் நடக்கும்போது படம் எடுக்க முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், முடிந்த பிறகு கேட்டால் பலரும் சம்மதிப்பார்கள்.